சுத்தமான கொல்லை

மினி பஸ் ஊரணிக்கரையில் திரும்பும்போதே புகை தெரிந்தது. காய்ந்த சருகு எரிகிற புகை இல்லை அது. சருகுப் புகை எழும்பிய வேகத்திலேயே கலைந்துவிடும். இது பச்சைத் தழையைப் போட்டுக் கொளுத்துகிற புகை. கனமாக, அழுக்கு வெள்ளையாக, மேலே போக மனசில்லாமல் முந்திரிக் காட்டின் தலைமேல் படுத்துக் கிடந்தது. எந்தப் புத்தி கெட்டவன் பச்சைத் தழையை எரிக்கிறான் என்றுதான் அழகி முதலில் நினைத்தாள். பஸ் அடுத்த வளைவில் திரும்பியபோது புகை எங்கேயிருந்து கிளம்புகிறது என்று பிடிபட்டது. மடியிலிருந்த பைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கறம்பக்குடிக்குப் போய் நாளைய விருந்தாளிகளுக்கு வேண்டியதையெல்லாம் வாங்கி வந்திருந்தாள். ரவை, நெய், புது டம்ளர்கள், முன்கூடத்து சன்னலுக்குத் திரைச்சீலை. மகன் சேரனுக்குப் பெண் பார்த்துப் பிடித்துப்போய்விட்டது. இப்போது பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார்கள். ஆடி பிறந்துவிட்டால் நல்ல காரியம் பேச முடியாது என்று ஆனியின் கடைசி ஞாயிற்றுக்கிழமையைப் பிடித்து வைத்திருந்தார்கள். எல்லாம் கூடிவந்தால் ஆவணியில் கல்யாணம்.

போனை எடுத்துப் பார்த்தாள். பக்கத்துக் கொல்லையில் ஆடு வளர்க்கிற பவுசியா விடாமல் கூப்பிட்டிருந்தாள். பாத்திரக் கடைச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியவள் வீட்டுப் பக்கம் திரும்பாமல், பைகளோடு நேராகக் கடலைக் கொல்லைக்கு நடந்தாள்.

காலையில் அவள் விட்டுவிட்டுப் போன கொல்லை அங்கே இல்லை. வரிசை வரிசையாக, ஆள் உயரத்துக்கு மேல் தழைத்து நின்ற மரங்களில் ஒன்றுகூட இல்லை. வரப்போரத்து அகத்தியும் இல்லை. செம்மண் சீவிவிட்டதுபோல் வெறுமனே கிடந்தது. ஜேசிபி சக்கரம் போய் வந்த தடம் குறுக்கும் நெடுக்குமாக. வேரோடு பிடுங்கிய குழிகளை மூடிச் சமப்படுத்தியிருந்தார்கள். தெற்கு மூலையில் மரத்தையும் தழையையும் மலைபோல் குவித்து, பழைய டயர்களைச் செருகி, டீசல் ஊற்றிக் கொளுத்தியிருந்தார்கள். எரிய மறுத்த பச்சை, புகையாகக் கக்கிக்கொண்டிருந்தது.

தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அவள் புருசன் ஆத்மநாதன் எதிரே வந்தார். முகமெல்லாம் கரி. அதில் அப்படியொரு சிரிப்பு.

"வந்துட்டியா. ரோட்டுல நின்னு பாத்தியா? இந்தக் கடைசிலேருந்து அந்தக் கடைசி வரைக்கும் ஒரு மறைப்பு கெடையாது. சம்பந்தி கார விட்டு எறங்குனா மொத்தக் கொல்லையும் ஒரே பார்வையில தெரியும்."

"யாரக் கேட்டு வெட்டுனீங்க?"

"யாரக் கேக்கணும்? நீதான் வருசா வருசம் வெட்டுற. ஆனி கடைசியில ஆளு விட்டு வெட்டணும்னு நீதானே சொல்லிக்கிட்டு இருந்த. அந்தச் செரமத்த ஒனக்கு மிச்சம் பண்ணியிருக்கேன்."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. நெசமாகவே அப்படித்தான் நம்பியிருந்தார். அதைத்தான் அழகியால் தாங்க முடியவில்லை. பைகளை அப்படியே தரையில் வைத்தாள். புகைக்குள் போய், நெருப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு கிளையைப் பிடித்து இழுத்தாள். அடுத்து இன்னொன்று. தழை கருகி உதிர்ந்து கையோடு வந்தது. புது டம்ளர் பை சாய்ந்து டம்ளர்கள் மண்ணில் உருண்டதை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. என்னாச்சு ஒனக்கு, விட்டுத் தொலை, கையச் சுட்டுக்காத என்று ஆத்மநாதன் பின்னாலேயே சொல்லிக்கொண்டு வந்தார். கடைசியில் பவுசியாதான் ஓடிவந்து அவளைத் தோளோடு சேர்த்துப் பிடித்து வரப்பில் உட்காரவைத்தாள்.

"நான் சொன்னேங்க்கா," என்றாள் பவுசியா மெதுவாக. "மிசின் சத்தம் கேட்டு ஓடியாந்து, அண்ணே, அக்காட்ட ஒரு வார்த்த கேட்டுக்கங்கன்னு சொன்னேன். எங்கொல்லைக்கு நான் யார்ட்டம்மா கேக்கணும்னு சிரிச்சாரு."

எங்கொல்லை. அந்தச் சொல்லை அழகி வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

அவள் மாமனார் காலத்தில் அந்தக் கொல்லை முழுக்க ஆர்எஸ்பதி என்று ஊரில் சொல்கிற தைல மரம்தான் நின்றது. நட்டால் போதும், பார்க்க வேண்டாம், லாரி வந்து வெட்டிக்கொண்டு போகும் என்று எல்லோரும் நட்ட காலம். அவர் செத்தபிறகு அதை அழித்துவிட்டுக் கடலை போட்டபோதுதான் மண் செத்துக் கிடப்பது தெரிந்தது. மழை பெய்தால் மேலாக ஓடியது, உள்ளே இறங்கவில்லை. கடலைச் செடி சீக்குப் பிடித்த பிள்ளைபோல மஞ்சளாக நின்றது. பிடுங்கினால் காயெல்லாம் பொக்கு. சிங்கப்பூரில் கட்டட வேலை செய்துகொண்டிருந்த ஆத்மநாதன், அதைத் தரிசாப் போடு, நான் பணம் அனுப்புறேன் என்று போனில் சொன்னார்.

அழகி தரிசாகப் போடவில்லை. கொல்லையின் ஒரே ஒரு மூலையில் மட்டும் புல் கரும்பச்சையாக இருந்ததைக் கவனித்தாள். அங்கே ஒரு கல்யாண முருங்கை நின்றது. முள்முருங்கை என்றும் சொல்வார்கள். அதன் இலை உதிர்ந்த இடத்தில் விரலை விட்டால் மண் புட்டு மாதிரி உதிர்ந்தது. வேளாண்மை ஆபீஸில் நடந்த ஒரு கூட்டத்தில் இதைச் சொன்னாள். இந்த மாதிரி மரங்கள் காற்றிலிருக்கிற சத்தை இழுத்து வேரில் சேர்த்து வைக்கும், கிளைரிசிடியா என்று ஒன்று இருக்கிறது, குச்சியை ஒடித்து நட்டாலே வரும் என்று அவர்கள் சொன்னார்கள். சின்னச் செடி ஒன்றைப் பிடுங்கி வேரைக் காட்டினார்கள். கடுகு கடுகாக முடிச்சு. நகத்தால் நசுக்கினால் உள்ளே ரத்தச் சிவப்பு. அதைப் பார்த்த பிறகு அவளுக்கு வேறு யாரும் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

குச்சி கொண்டுவந்து வரிசையாக நட்டாள். வீட்டில் அதற்குத் தழை மரம் என்று பெயர் வைத்தார்கள். கோடையில் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினாள். ஊரே சிரித்தது. புருசன் வெளிநாட்டில இருக்கான், பொம்பள கொல்லையக் காடாக்குறா என்றார்கள். வளர்ந்ததும் இடுப்பு உயரத்தில் வெட்டித் தழையை வரிசைக்கு நடுவே பரப்பி, ஆடிப்பட்டத்துக்கு முன் உழுது மூடுவாள். அடியை விட்டு வெட்டினால்தான் மறுபடி துளிர்க்கும். மண் மாற எத்தனையோ வருசம் பிடித்தது. முதலில் மண்புழு வந்தது. பிறகு மழை உள்ளே இறங்கியது. போன வருசக் கடலையை வியாபாரியின் செட்டில் போட்டபோது இது எந்த ஊர்க் காய் என்று கேட்டார்கள்.

வேலையை முடித்துக்கொண்டு ஆத்மநாதன் ஊரோடு வந்து சேர்ந்தது இந்தத் தையில்தான். வந்த நாளிலிருந்து அவருக்கு அந்தக் கொல்லை கண்ணை உறுத்தியது. டீக்கடையில் எவனோ, ஆம்பள இல்லாத கொல்லை மாதிரி கெடக்குதேப்பா என்று சொல்லியிருக்கிறான். அந்த ஒரு பேச்சு அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றுவிட்டது. சம்பந்தி வீட்டார் வருவதற்குள் அதை எடுத்துப்போட்டுவிட வேண்டும் என்று நினைத்துவிட்டார்.

சாயங்காலம் திருச்சியிலிருந்து சேரன் வந்தான். அம்மா அடுப்பைப் பற்றவைக்காமல் பின்வாசல் படியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, சமாதானம் பேச ஆரம்பித்தான். அப்பா தெரியாமல் செய்துவிட்டார், மரம்தானே, திரும்ப வளர்த்துக்கொள்ளலாம், உரம் வாங்கிப் போட்டால் ஆயிற்று என்றெல்லாம் சொன்னான்.

"நீ சொன்னியா அப்பாட்ட?" என்று அழகி கேட்டாள்.

அவன் தயங்கினான். "கொஞ்சம் சுத்தம் பண்ணி வைங்கப்பான்னு சொன்னேம்மா. அவுங்க டவுனு ஆளுங்க மாதிரி. காடா இருக்கேன்னு நெனச்சுடுவாங்கன்னு."

"நீ தின்ன சோறு அந்தக் காட்டுல வெளஞ்சதுடா."

எழுந்து போய்ப் போன வருசத்துக் கடலையை எடுத்து வறுக்க ஆரம்பித்தாள். கோபம் கோபம்தான், வருகிற மனுசருக்குப் பலகாரம் செய்யாமல் விடுகிற வீடு இல்லை அது. பவுசியா வெல்லம் நுணுக்கிக் கொடுத்தாள்.

மறுநாள் பத்து மணிவாக்கில் இலுப்பூர்ப் பக்கத்திலிருந்து கார் வந்தது. பெண்ணின் அப்பா பெரியண்ணன், நல்ல உயரமான, குரல் பெரிய மனிதர். கூட அவருடைய அக்கா. இந்த வீட்டில் எது சரி, எது சரியில்லை என்று சொல்லப் போகிறவர் அந்த அம்மாள்தான் என்பது அவர் காரை விட்டு இறங்கி நின்று கூரையைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. கொல்லைப் புகை காற்றோடு வீடு வரைக்கும் வந்து கண்ணைக் கரித்தது. குப்பை எரியுதுங்க என்றார் ஆத்மநாதன்.

முதலில் கொல்லையைப் பார்க்கப் போனார்கள். ஆண்கள் முன்னால் நடக்க, அழகி பின்னால் போனாள். பெரியண்ணன் வரப்பில் நின்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார். அவர் முகம் சுளிக்க மாட்டாரா, இவ்வளவு வெட்டவெளியாகக் கிடக்கிறதே என்று ஒரு வார்த்தை கேட்டுவிட மாட்டாரா என்று அழகியின் மனசு கேவலமாக ஆசைப்பட்டது.

"நல்லா சுத்தமா வச்சிருக்கீங்க," என்றார் அவர். "ஒரு செடி கொடி இல்ல. கண்ணாடி மாதிரி இருக்கு."

ஆத்மநாதன் அழகியைத் திரும்பிப் பார்த்தார். பாத்தியா என்று கேட்கிற பார்வை. அவள் புகையைப் பார்த்தபடி நின்றாள்.

வீட்டுக்குத் திரும்பிக் கேசரியும் வடையும் கடலை உருண்டையும் சாப்பிட்டார்கள். பெரியண்ணன் உருண்டையைக் கடித்துவிட்டு, இப்படி எண்ணெய்ப் பசையான கடலையைத் தின்று எத்தனையோ காலம் ஆச்சு, எங்கே வாங்குனீங்க என்றார். எங்க கொல்லையிலதான் என்று சேரன் பெருமையாகச் சொன்னான். சொன்ன பிறகு அம்மா பக்கம் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டான்.

அந்த அம்மாளுக்கு எல்லாம் திருப்தியாகத்தான் இருந்தது. காபியைக் குடித்துக்கொண்டே மண்டபம், மணவறை என்று கல்யாணப் பேச்சுக்கே வந்துவிட்டார்.

"பந்தல்ல நடுற அரசாணிக்காலுக்கு நாம வெளிய அலைய வேண்டியதில்ல," என்றார். "கறம்பக்குடியில எங்க நாத்தனா மக கல்யாணத்துக்கு இங்க இருந்துதான் கல்யாண முருங்கைக் கொம்பு ஒடிச்சிட்டு வந்தாங்களாம். நட்ட வீட்டுலயெல்லாம் துளுத்துச்சாம். ஒங்க கொல்லை மூலையில நிக்கிதாமே, ராசியான மரம்னாங்க. கொல்லையில நான் பாக்கலையே."

அடுப்படி வாசலில் நின்ற பவுசியாவின் கையில் தட்டு அசையாமல் நின்றது.

"எது, மூலையில முள்ளு முள்ளா நின்னுச்சே அதுவா?" என்று ஆத்மநாதன் உற்சாகமாக ஆரம்பித்தார். "அத நேத்துத்தான் நான்..."

"என்னங்க, காபி ஆறுது," என்றாள் அழகி.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குரலில் அவர் பேச்சு அறுந்து நின்றது. அவள் அந்த அம்மாளைப் பார்த்துச் சிரித்தாள்.

"வயசான மரங்க. புழு விழுந்து பட்டுப்போச்சு. கொம்புக்கென்ன, நல்ல மரமா நானே பாத்து ஏற்பாடு பண்ணிடுறேன்."

ஒரு சொல் போதும். கல்யாண மாதத்துக்கு முன்னால் ராசி மரத்தை வேரோடு பிடுங்கிக் கொளுத்தினார்கள் என்று சொன்னால் அந்த அம்மாள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போயிருப்பார். அது என்ன மரம் என்ற முழு விவரத்தையும் சொன்னால் வழியில் எந்த ஊரிலும் நின்று திரும்பிப் பார்த்திருக்க மாட்டார். நேற்றிலிருந்து எரிந்துகொண்டிருந்த ஆத்திரம், சொல், சொல்லிவிடு, அந்த மனுசன் தலையைக் குனியட்டும் என்று அழகியை நெட்டியது. எதிரே சேரன் உட்கார்ந்திருந்தான். அவள் விழுங்கிக்கொண்டாள்.

வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். கார் கிளம்பிப் போனது. சேரன் அவர்களுக்கு வழிகாட்ட மெயின் ரோடு வரை பைக்கில் போனான். ஆத்மநாதன் திரும்பி வந்து கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எதுக்குப் பேச்ச மாத்துன?"

அழகி எச்சில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "அது எந்த மரம்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"முள்ளு மரம். மூலையில நின்னுச்சு."

"நம்ம கல்யாணத்துக்கு நட்ட கொம்பு அது."

கல்யாணம் முடிந்து தாலி மஞ்சள் வெளுப்பதற்குள் அவர் விமானம் ஏறிவிட்டார். அவர் அனுப்பிய முதல் பணத்தில் வீட்டு வாசலுக்கு சிமெண்டு போட்டார்கள். வாசல் பந்தலில் அரசாணிக்காலோடு நட்டிருந்த முருங்கைக் கொம்பு அதற்குள் ரெண்டு துளிர் விட்டிருந்தது. கொத்தனார் அதைப் பிடுங்கிக் குப்பையில் எறிந்தபோது, புதுப்பெண்ணாக இருந்த அழகி யாருக்கும் தெரியாமல் எடுத்து, ஈரச் சாக்கில் சுற்றிக் கொல்லைக்குக் கொண்டுபோய் மூலையில் நட்டாள். அது பிழைத்துவிட்டது என்று அவரிடம் போனில் சொன்னாள். கார்டுல காசு போகுது, வேற என்ன விசயம் என்று கேட்டார் அவர். அதற்குப் பிறகு அந்த மரத்தைப் பற்றி அவள் பேசியதே இல்லை.

இதையெல்லாம் இப்போது அவள் எச்சில் தட்டுகளைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தாள்.

"தெரிஞ்சிருந்தா தொட்டிருக்க மாட்டேன் அழகி."

"அதச் சொல்லாதீங்க. தெரியாம இருந்ததுக்குத்தான் எனக்குக் கோவம். வெட்டுனதுக்குக்கூட இல்ல." தட்டுகளைத் தூக்கிக்கொண்டு இரண்டு எட்டு நடந்தவள் திரும்பி நின்றாள். "இல்ல. வெட்டுனதுக்கும்தான்."

"அழகி..."

"நீங்க அனுப்புன காசுலதான் இந்த வீடு. அந்தக் காசுலதான் சேரன் படிச்சான். ஒருநாளும் நான் எங்காசு, எம்வீடுன்னு சொன்னதில்ல. வெயில்ல நீங்க என்னா பாடுபட்டீங்கன்னு எனக்குத் தெரியும். கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். அந்த மண்ணு ஒண்ணுதான் நானாச் செஞ்சது. அதையும் எங்கொல்லைன்னு ஒரு வார்த்தையில எடுத்துக்கிட்டீங்க. வெளிய இருந்தப்பவும் கேக்கல. வந்தபொறகும் கேக்கல. எதுக்குடி இந்த மரம்னு வாயத் தொறந்து ஒருதடவ கேட்டிருந்தா, ஒரு நாள் பூராச் சொல்லியிருப்பேன்."

அவர் முகத்தைத் துண்டால் துடைத்தார். புகை இன்னும் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. அழகிக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. வரக்கூடாது என்று பிடிவாதமாகவும் இருந்தாள். அன்று அவருக்குச் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், ஒரு வார்த்தை பேசவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் பவுசியா பின்வாசலுக்கு வந்து கூப்பிட்டாள். முந்தின நாள் மரம் வெட்டும்போதே, ஆட்டுக்கு வேணும்ணே என்று பொய் சொல்லி ஒரு வண்டி தழை மரக் கிளைகளை அவள் இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள். தழையை ஆடு தின்றுவிட்டது. குச்சிகளை மட்டும் புளியமரத்து நிழலில் அடுக்கி, ஈரச் சாக்கைப் போட்டு மூடி வைத்திருக்கிறாள்.

"மழ விழுந்தா நட்டுக்கலாம்க்கா. அந்த முருங்கையத்தான் என்னால தூக்க முடியல."

அழகி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த ரெண்டு நாளில் அவளுக்குக் கண் கலங்கியது அப்போதுதான்.

திங்கட்கிழமை விடியும்போது ஒரு தூறல் போட்டது. மண் வாசனையில் கண் விழித்த அழகி பக்கத்தில் பார்த்தாள். படுக்கை காலியாக இருந்தது. பின்வாசலோரம் கிடந்த கடப்பாரையையும் காணோம். முகத்தைக் கழுவிக்கொண்டு நடந்தாள்.

தூறலில் நெருப்பு அணைந்து, தெற்கு மூலை கரிக் குழம்பாகக் கிடந்தது. அதற்குள்ளிருந்து ஆத்மநாதன் முருங்கை மரத்தின் கிளைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டிருந்தார். ஈரக் கட்டை என்பதால் ஒரு பக்கம் மட்டும் கருகி, மறுபக்கம் பச்சையாகவே இருந்தது. முள் கிழித்து அவர் முழங்கை இரண்டிலும் ரத்தக் கோடு. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நூல் கட்டி, கட்டடத்துக்குத் தூண் நிறுத்துகிற மாதிரி, நூல் பிசகாமல் கொம்புகளை வரிசையாக நட்டுக்கொண்டே வந்திருந்தார். ஒவ்வொன்றும் அப்படி நேராக நின்றது. அடிமண்ணைக் காலால் மிதித்து இறுக்கியிருந்தார்.

அழகி வரிசையோடு நடந்து பார்த்தாள். ஒவ்வொரு கொம்பின் பருத்த பக்கமும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. வேலிக்கால் நடுகிறவன், ஊன்றச் சுலபமென்று மெல்லிய நுனியைச் சீவி மண்ணுக்குள் விடுவானே, அப்படி.

"அத்தனையும் தலைகீழா நட்டிருக்கீங்க."

அவர் நிமிர்ந்தார். மூச்சு வாங்கியது. அவளைப் பார்த்தார், கொம்பைப் பார்த்தார், புரியவில்லை.

"மரத்துல எப்படி நின்னுச்சோ அப்படித்தான் மண்ணுலயும் நிக்கணும். அடி கீழ, நுனி மேல. எலை உதுந்த தழும்பு இருக்கு பாருங்க, துளுரு அதுக்கு மேலதான் வரும். பிடுங்குங்க."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அவள் உதவிக்குப் போகவில்லை. வரப்பில் உட்கார்ந்து முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள். அவர் முதல் கொம்பை இரண்டு கையாலும் பிடித்து அசைத்தார். தானே மிதித்து இறுக்கிய மண் லேசில் விடவில்லை. முள் மறுபடி கையைக் கிழித்தது. ஒருவழியாகப் பிடுங்கித் திருப்பி, தழும்பைத் தடவிப் பார்த்து, அவள் பக்கம் தூக்கிக் காட்டினார். அழகி தலையை அசைத்தாள். நட்டார்.

பாதி வரிசை முடிந்தபோது கடப்பாரையில் சாய்ந்து நின்றார்.

"எத்தன வருசம் ஆகும் அழகி, பழையபடி வர?"

"ஏன்," என்றாள் அவள், "எங்கிட்டாவது போகணுமா?"

அவர் குனிந்து அடுத்த கொம்பைப் பிடித்து அசைக்க ஆரம்பித்தார்.